வாசனை என்று நான் சொன்னது

முருகேசா,

நடந்த எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னவன் நான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே படி. எழுபதுகளில் இந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் ராகியும் கொள்ளும் விளைந்துகொண்டிருந்தபோது, ஓசூர் தாண்டி எல்லை ஓரத்து ஜூஜுவாடியில் நாலு மூங்கிலை நட்டு, மேலே தென்னங்கீற்றைப் போட்டு, டீக்கடை வைத்தவன் நான். 'இங்கே ஃபேக்டரி வரும், சங்கு ஊதும், சட்டைப் பையில் பேனா குத்தியவன் வந்து என் பெஞ்சில் உட்காருவான்' என்று அப்போதே சொன்னேன். உத்தனப்பள்ளியிலிருந்து புதுப்பெண்ணாக வந்திருந்த உன் அம்மா, "இந்த ஆளுக்கு அடுப்புச் சூடு தலைக்கு ஏறிடுச்சு" என்று தன் அண்ணனிடம் சொல்லி அழுதாள். ஃபேக்டரி வந்ததா இல்லையா? சங்கு ஊதியதா இல்லையா? நீ தொட்டிலில் கிடந்தபோது டீத்தூள் ஒட்டிய விரலை உன் மூக்கருகில் நீட்டினேன். வேறு குழந்தையாக இருந்தால் தும்மியிருக்கும். நீ சிரித்தாய். 'இவன் மூக்கை வைத்துப் பிழைப்பான்' என்று அன்றைக்கே சொன்னேன். 'எல்லை தாண்டிப் போய்ப் பெண் எடுப்பான்' என்றும் சொன்னேன். யாருக்கும் ஞாபகம் இல்லை என்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகம் இல்லையென்றால் நான் சொல்லவில்லை என்று ஆகிவிடுமா?

வரும் வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் நீ அத்திப்பள்ளியில், சவிதாவின் அப்பா அம்மா இருக்கும் தெருவிலேயே தனி வீடு பிடித்துப் போகிறாய். நம் கடையிலிருந்து பார்த்தால் ஒரு பஸ் நிறுத்தம். செக்போஸ்ட்டில் நிற்கும் லாரிகள் மறைக்காவிட்டால் உன் வீட்டு மொட்டை மாடியில் காயும் லுங்கி எனக்குத் தெரியும். ஆனாலும் அது வேறு மாநிலம், கர்நாடகம். பஸ் வேறு நிறம், கடைப் பலகையில் எழுத்து வேறு. அங்கே நீ சும்மா போவதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. என் மேல் மனத்தாங்கலோடு போகிறாய் பார், அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. சவிதா வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசுவது 'ம்', 'சரி', 'சாப்ட்டேன்' இவ்வளவுதான். நேரில் உட்கார்ந்து பேசினால் நான் எங்கே ஆரம்பித்தாலும் என் பெருமையில்தான் கொண்டுபோய் முடிப்பேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், அதை வைத்து என்னை எடை போடாதே. யார் கேட்டாலும் இதைப் படிக்கக் கொடு. நான் ஒளித்து வைத்துப் பேசும் ஆள் இல்லை.

உன் டீயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என் டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கடை டீ குடிக்காமல் பம்பாய் லாரி ஒன்றுகூட எல்லையைத் தாண்டியதில்லை. குடிக்காமல் போன ஒருவனுக்கு அத்திப்பள்ளி மேட்டிலேயே டயர் வெடித்தது, திரும்பி நடந்து வந்து இரண்டாகக் குடித்துவிட்டுப் போனான். தூள், பால், சர்க்கரை, கொதி. வேறு ஒன்றும் கிடையாது. குடித்தால் உதட்டில் ஆடை ஒட்ட வேண்டும். டிரைவர்கள் எல்லோருக்கும் நான் மாமா. தெலுங்குக்காரன், கன்னடக்காரன், இந்திக்காரன், மலையாளத்தான் எவன் வந்தாலும் அவன் பாஷையில்தான் நான் பேசுவேன். ஏழு பாஷை. கன்னடம் எனக்குத் தாய்ப்பால் மாதிரி. அதற்கு ஒரு சூத்திரமே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்: தமிழ்ச் சொல்லின் வாலைக் கொஞ்சம் நறுக்கினால் கன்னடம். தலையை நறுக்கினால் தலெ. மனையை நறுக்கினால் மனெ. இலையை நறுக்கினால் எலெ. இதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? இந்தச் சூத்திரத்தை நான் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நீ கிருஷ்ணகிரி காலேஜில் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஓசூரில் வெளிநாட்டுக்கு டீ அனுப்புகிற கம்பெனியில் சேர்ந்ததும், என் தொழிலுக்குத்தான் வாரிசு வந்தான் என்று செக்போஸ்ட் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். முதல் வாரமே வெள்ளிக் காகிதப் பொட்டலங்களோடு வந்தாய். ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு பித்தளைச் சொம்பு. சொம்பு எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. கோப்பைகளில் வெந்நீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, வடிகட்டி, ஒரு கரண்டி எடுத்து 'உர்ர்ர்' என்று உறிஞ்சினாய். அடுப்படியில் இருந்த உன் அம்மா, "ஏங்க, நாய் உள்ள பூந்து சட்டியில வாய் வெச்சுடுச்சு, தொரத்துங்க" என்று கத்தினாள். உறிஞ்சியதை நீ சொம்பில் துப்பினாய்.

"ஏன்டா துப்பற? நல்லா இல்லியா?"

"நல்லாத்தான்பா இருக்குது."

"அப்ப முழுங்கு."

"முழுங்கக் கூடாதுப்பா. நாள் பூரா நூறு கப் டேஸ்ட் பண்ணணும், முழுங்குனா வயிறு என்னாவறது?"

"துப்பறதுக்கு எவன்டா டீ போடுவான்?"

"எங்க கம்பெனி போடுதுப்பா."

மறுநாள் கடையில், 'என் பையனுக்குத் துப்புற உத்தியோகம், மாசம் பொறந்தா சம்பளம்' என்று சொன்னேன். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. நீயும் அன்றைக்குச் சிரித்தாய். நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், நீயும் சிரித்தாய்.

நான் துப்பவில்லை. வாயில் விட்டதை விழுங்குவேன் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் நான் பட்ட பாட்டைக் கேள். முதலில் கருப்பு வகை. ஏதோ பெர்கமாட் என்றாய். எலுமிச்சைக்குச் சொந்தக்காரப் பழம், வெள்ளைக்காரன் அதற்கு உயிரையே விடுவான் என்றாய். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனதும் நான் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஷேவிங் முடித்துக் கன்னத்தில் பளீரென்று அடிப்பானே ஒரு தண்ணீர், அதைக் கொதிக்க வைத்துக் குடித்த மாதிரி இருந்தது. ஏப்பம் வந்தபோதெல்லாம் எனக்குக் கன்னம் எரிந்தது. அடுத்தது ரோஜா. ஊதுபத்தியைப் பற்ற வைக்காமல் வாயில் போட்டு மென்றால் எப்படியோ அப்படி. மூன்றாவதுதான் என்னால் மன்னிக்கவே முடியாதது. மாம்பழ டீ. கிருஷ்ணகிரி ஜில்லாவில் பிறந்தவனுக்கு மாம்பழ டீ! மூட்டை மூட்டையாக மாம்பழம் ஏற்றிய லாரி, எல்லையில் பர்மிட் தகராறில் வெயிலில் நின்றால், தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஈயோடு சேர்ந்து ஒரு நெடி வரும் பார், அதை எவனோ உட்கார்ந்து சீசாவில் பிடித்திருக்கிறான். "இதுல நெஜ மாம்பழம் எங்கடா?" என்றேன். "மாம்பழம் இல்லப்பா, ஃப்ளேவர்" என்றாய். மாம்பழத்தைக் கீழே கொட்டி அழுகவிடும் ஊரில், மாம்பழம் இல்லாத மாம்பழம். விழுங்கினேன். கொள்கை.

பச்சை வகை அதைவிட மோசம். வெறும் பச்சை டீ, மழையில் நனைந்த சோளத்தட்டு ஊறிய தண்ணீர். நம் வீட்டு மாடு இருந்திருந்தால் மரியாதையாகக் குடித்திருக்கும். புதினா போட்டது, பல் விளக்கிவிட்டுக் கொப்பளிக்க மறந்த வாய். எலுமிச்சை போட்டது, ஃபேக்டரி கேன்டீனில் தட்டுக் கழுவும் சோப்பு. மல்லிகை போட்டதைப் பற்றி உன் அம்மாதான் சரியாகச் சொன்னாள். ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள், "கல்யாணம் முடிஞ்சி மறுநா காலையில மண்டபத்தக் கூட்டறப்ப மூலையில குமிஞ்சி கெடக்குமே பூவு, அது" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவள் தலையில் பூ வைக்கவில்லை. ஒரு வாரம் என்று நான் கடையில் சொன்னேன். அது கடைக்காகச் சொன்னது.

அப்புறம் வந்தது ஊலாங். பெயரைக் கேட்டபோதே எனக்கு மூக்கு ஒழுகுகிற ஞாபகம் வந்தது. கருப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பாதியில் நிறுத்தி உலர்த்துவது என்று விளக்கினாய். பாதி வெந்ததை எடுத்து வைத்தால் எந்தக் கடையிலும் அடிக்க வருவான், இங்கே அதற்குத்தான் விலை அதிகம் என்றாய். அதில் ஒன்று பீச் பழ ஊலாங். குடித்தால் புது ரப்பர் செருப்பை வெயிலில் வைத்த மாதிரி இனிப்பாக ஒரு வாடை.

"பீச் பழம் இப்பிடித்தான் இருக்குமா?"

"இப்பிடித்தான்பா இருக்கும்."

"நீ தின்னுருக்கியா?"

"இல்லப்பா. எசன்ஸுதான் பாத்துருக்கன்."

இதை நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பழத்தைப் பார்க்காமலேயே அதன் சுவை இது சரி, இது சரியில்லை என்று சொல்லும் உன் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அது என் ரத்தம். பம்பாயைப் பார்க்காமலேயே பம்பாய்த் தெருக்களைப் பற்றி டிரைவர்களோடு வாதாடி ஜெயித்தவன் நான். ஆனால் நான் உன்னிடம் பிடித்திருந்தது என்று சொல்லவில்லை. 'செருப்பு' என்று மட்டும் சொன்னேன்.

பொட்டலங்களில் மிச்சமானதை வீணாக்கக் கூடாது என்று உன் அம்மா சேர்த்து வைத்தாள். நான் ஜவளகிரிக்குப் போனபோது அங்கே நிலம் வைத்திருக்கும் உன் மாமனிடம் கொடுத்து, ராகிக் கொல்லையின் வரப்பு ஓரமாகத் தூவச் சொன்னேன். காட்டிலிருந்து இறங்கி வந்த யானை வரப்பு வரை வந்தது. தும்பிக்கையை நீட்டி முகர்ந்தது. மாமன் மரத்தின் மேலிருந்து கண்ணால் பார்த்தான். யானை தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. போகும்போது இரண்டு தடவை நின்று தும்மியது. அந்த வருஷம் ஜவளகிரியில் ஒரு கதிர்கூடச் சேதமில்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

நீ அப்போதெல்லாம் கோபப்படவில்லை. "சரிப்பா, யானைக்கு ஒரு பேக்கிங் போடறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பாய். ஒரு நாள் வந்தபோதுதான் இரண்டு கையாலும் ஒரு கோப்பையை நீட்டினாய். பலாப்பழ ஊலாங். கம்பெனியில் மற்ற எல்லாம் யாரோ சொல்லி நீ கலப்பது. இது நீயே யோசித்து, நீயே கலந்து, வெளிநாட்டுக்காரன் குடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டது. பேக்கிங் பிரிவில் சவிதாதான் அதற்கு முதல் பொட்டலம் கட்டியவள் என்று அப்போதுதான் அவள் பெயரையே முதல் தடவையாகச் சொன்னாய். நான் குடித்தேன். புகையில் வாட்டிய பலாச்சுளையை ஈரத்துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மழைக்காலம் முடிந்து திறந்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்தது. நீ அதைச் சந்தோஷம் என்று நினைத்தாய். "எப்பிடிப்பா இருக்குது?" என்றாய். நான், "இரு, கடையில பால் பொங்குது" என்று எழுந்து போய்விட்டேன்.

சவிதா வீட்டுக்கு முதல் தடவை போன அன்றைக்கு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ கெஞ்சினாய். அவள் அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், ஊரே மேஷ்ட்ரு என்று கூப்பிடும், அதிகம் பேசமாட்டார், தமிழ்நாட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார் என்றாய். "என் டீயத்தான் குடுப்பாங்க. சவிதா வீட்டுல அதத்தான் குடிக்கறாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்பா. சென்னாகிதெ. நல்லாருக்குதுன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"எனக்கே கன்னடம் சொல்லிக் குடுக்கிறியா?"

முன் சீட்டிலிருந்து உன் அம்மா திரும்பாமலேயே, "ஏழு பாஷ தெரிஞ்ச மகராசா, இன்னிக்கி ஒருநா ஊமையா வா" என்றாள்.

மேஷ்ட்ரு வாசலுக்கு வந்து 'பன்னி, பன்னி' என்று, கன்னடத்தில் 'வாங்க, வாங்க' என்று, கூப்பிட்டு உட்கார வைத்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. நான் ஃபேக்டரி வருவதை முன்னாலேயே சொன்ன கதையை ஆரம்பித்தேன், உன் அம்மா காலை மிதித்தாள். தட்டில் கோப்பைகளோடு மேஷ்ட்ருவின் வீட்டம்மா வருவதற்கு முன்னால் அந்த நெடி வந்தது. பலாப்பழம், புகை, டிரங்குப் பெட்டி. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் என் கோப்பையை ஒரே மடக்கில் விழுங்கிக் கீழே வைத்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கதவோரத்தில் சவிதா. உன் உதடு அசைந்தது, சென்னாகிதெ, சென்னாகிதெ என்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, வீடே கேட்கும்படி சொன்னேன்:

"ஏன் வாசனெ மேஷ்ட்ரே! மனெ தும்பா வாசனெ!"

தமிழில் வாசனை என்றால் நல்ல மணம். சுவரில் பூசினாலும் மணம், தலையில் தடவினாலும் மணம். கன்னடத்தில் அதே சொல்லுக்கு நாற்றம் என்று பொருள். என்ன நாற்றம் மேஷ்ட்ரே, வீடு முழுக்க நாற்றம். முதல் தடவை சம்பந்தம் பேசப் போன வீட்டில், பெண்ணைப் பெற்றவர் முகத்துக்கு நேராக. மேஷ்ட்ருவின் கோப்பை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. வீட்டம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சவிதா கதவோரத்தில் இல்லை. அதற்கப்புறம் பேச்சு பஸ் நேரத்தைப் பற்றி மட்டும் நடந்தது.

திரும்பும்போது நீ பஸ் ஏறவில்லை. நடந்தாய், நாங்களும் பின்னால் நடந்தோம். செக்போஸ்ட் அருகில், லாரிகளுக்கு நடுவில் நின்று கேட்டாய்: "ஏம்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"எப்பிடிச் சொன்னன்?"

"நாறுதுன்னு."

"ஆமாடா. நாறுச்சு, சொன்னன். மனசுல பட்டத சொல்றதுக்கு எவன் அப்பன் ஊட்டுப் பர்மிட்டு வேணும்? சும்மா மெச்சிப் பேசுனா எவனும் பேசுவான். உண்மையச் சொன்னா தாங்கறாங்களான்னு பாத்தன்."

உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ லாரிகளுக்கு நடுவே புகுந்து முன்னால் நடந்தாய்.

அடுத்த வாரம் நடந்ததை உலகமே அறியும். மேஷ்ட்ரு சைக்கிளில் எல்லையைத் தாண்டி நம் கடைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து நம் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பீகரே" என்றார். சம்பந்தி என்று அர்த்தம். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னார்: "ஆறு மாசமா நம்ம மனேல அந்த டீ. என் ஹெண்டத்தி, சம்சாரம், மூக்கு புடிச்சிக்கிட்டு குடிக்கிறா. நானும் குடிக்கிறேன். மகளுக்கு பேஜார் ஆகக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலே இல்ல. நீங்க ஒருத்தரே நெஜா சொன்னீங்க. நேரான மனுஷ்யா மனெக்கு பொண்ணு குடுக்க எனக்கு பயா இல்ல." பெஞ்சில் இருந்த டிரைவர்கள் எழுந்தே நின்றார்கள். நான் பால் சட்டியைக் கிளறிக்கொண்டே, "நாம எப்பவுமே அப்பிடித்தான் மேஷ்ட்ரே. பெத்த புள்ளயே செஞ்சாலும் நாத்தம்னா நாத்தம்னுதான் சொல்லுவன்" என்றேன். ஷிப்ட் முடிந்து சைக்கிளைச் சாத்திவிட்டு நீ கடைக்குப் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

சம்பந்தம் கூடியது. என்னால்தான் கூடியது என்று இந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். நேர்மையான மனுஷன் என்று அத்திப்பள்ளி வரைக்கும் பெயர். யானைக் கதைக்கு அடுத்தபடியாக இந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நீ அதற்கப்புறம் ஒரு பொட்டலத்தையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வெள்ளைக் கோப்பைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாய். பித்தளைச் சொம்பில் உன் அம்மா கொத்தமல்லி ஊற வைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாமான் கட்டும்போது, நான் கேட்காமலேயே நீ சொன்னாய்: "நீங்க குடிக்க வேணாம்பா. ஊருல யாரும் குடிக்க வேணாம். நாறுதுன்னு நீங்க தெனம் கடையில சொல்லிச் சிரிக்கிறீங்களே, அது நான் செஞ்சது. நான் மொதமொதல்ல செஞ்சது." அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வாய் வரை வந்தது. உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான், நான், "கயித்த இறுக்கிக் கட்டு, பாலம் ஏறும்போது சரியும்" என்றேன்.

அந்தப் பதிலை இதில் எழுதுகிறேன், அதற்கு முன் அப்பன் என்ற முறையில் சில புத்தி. அந்த வீட்டில் களியை முத்தெ என்பார்கள். நம் களியேதான், மெல்லாதே, உருட்டி விழுங்கு. மேஷ்ட்ரு பேப்பர் படிக்கும்போது பேச்சுக் கொடுக்காதே. சவிதா சமைத்து நன்றாக இல்லையென்றால் பால் பொங்குகிறது என்று எழுந்து போகாதே, அங்கே உனக்குக் கடை கிடையாது, மாட்டிக்கொள்வாய். உட்கார்ந்து எதையாவது சொல். உனக்குப் பிள்ளை பிறந்து, அது எதையாவது கலக்கிக்கொண்டு வந்து நீட்டினால், கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல். நாற்றத்தைச் சகித்துக்கொள்ளலாம், அது ஒரு மணி நேரத்தில் போய்விடும். பதில் சொல்லாமல் எழுந்து போனது போகாமல் கிடக்கிறது.

சரி. இதுவரை எழுதியதில் ஃபேக்டரி நிஜம், தொட்டில் நிஜம், யானைகூட ஏறக்குறைய நிஜம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் கட்டிச் சொல்லிவிட்டேன். செக்போஸ்ட் அருகில் நீ 'நாறுதுன்னு' என்று சொன்னாயே, அந்த நிமிஷத்தில்தான் வாசனெ என்றால் அங்கே நாற்றம் என்று எனக்கே தெரியும். அதுவரை அந்த வீட்டில் எல்லோரும் ஏன் வாயடைத்துப் போனார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். என் கன்னடத்தைக் கேட்டு அசந்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். தமிழ்ச் சொல்லின் வாலை நறுக்கினேன், வாசனை வாசனெ ஆயிற்று. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மணத்துக்கு அங்கே பரிமள என்று சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்த பரிமளம் நம் கடைக்குப் பின்னால் குடியிருப்பவள், அவள் வாயைத் திறந்தால் மணக்காது. மேஷ்ட்ரு கடைக்கு வந்து 'பீகரே' என்றபோது திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் இருந்த தும்கூர் டிரைவர்தான் காதில் அர்த்தம் சொன்னான்.

எனக்குத் தெரியவில்லை என்று உன்னிடம் சொல்லியிருந்தால் ஏழு பாஷை போயிருக்கும். வேண்டுமென்றே சொன்னேன் என்றால் பாஷை மிஞ்சும், நீ போவாய். நான் பாஷையைப் பிடித்துக்கொண்டேன். நீ சொல்லிக்கொடுத்த சென்னாகிதெ எனக்கு ஞாபகம் இருந்தது முருகேசா. அது ரொம்பச் சின்னதாக இருந்தது. நீ முதன்முதலாகச் செய்ததற்கு, அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீடே மணக்கிறது என்று பெரிதாக ஒன்று சொல்ல ஆசைப்பட்டேன். அந்த டீ நாறத்தான் நாறியது, அதில் மாற்றமே இல்லை. நான் சொல்லப் போனது பச்சைப் பொய். மேஷ்ட்ரு சொல்கிற நேரான மனுஷன் அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. உன் அப்பன்தான் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணத்தன்று அதே டீதான் என்று உன் அம்மா சொன்னாள். எனக்கும் ஒரு கோப்பை வை, விழுங்குகிறேன். இந்தக் கதையை மேஷ்ட்ருவிடம் சொல்வதானால் நீயே சொல்லிக்கொள். ஆனால் நான் பக்கத்தில் இருக்கும்போது தமிழிலேயே சொல். கன்னடத்தில் சொன்னால் நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குப் புரியாது.

அப்பா